பாத்திரச் சத்தம்

அந்த அமைப்பில் ஒரு வழக்கம் உண்டு. யாரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறதோ அவர் எழுந்து அடுக்களைக்குப் போய்விட வேண்டும். போய் எல்லாருக்கும் டீ போட வேண்டும். பேசி முடித்ததும் கதவைத் திறந்து கூப்பிடுவார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். நல்லது சொன்னவருக்கும் டீ, கெட்டது சொன்னவருக்கும் டீ. யார் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்கக் கூடாது.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் பெரியக்காதான். ஆரம்ப நாட்களில் ஓர் ஓவியரை எதிரே உட்கார வைத்துக்கொண்டே அவருடைய படங்களைப் பற்றிப் பேசினார்கள். எல்லாரும் ஆஹா ஓஹோ என்றார்கள். அவர் படியிறங்கிப் போன பிறகு அதே வாய்கள் வேறு பாட்டுப் பாடின. அன்றைக்குப் பெரியக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "முகத்தைப் பார்த்தா உண்மை வராதுன்னா, முகத்தைக் கொஞ்ச நேரம் அடுக்களைக்கு அனுப்பிட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார்.

அதோடு ஒட்டிக்கொண்ட இன்னொரு விதியும் உண்டு. அது சின்னக்கா போட்டது. முதல் தடவை அடுக்களைக்குப் போனவள் அவள்தான். போனவள் கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெரியக்கா திடீரென்று கதவைத் திறக்க, தடுமாறிக் கூடத்துக்குள் வந்து விழுந்தாள். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, காதைத் தடவிக்கொண்டே அவளே சொன்னாள்: "சரி, இனி உள்ள போறவங்க பாத்திரத்தை உருட்டிட்டே இருக்கணும். சத்தம் நின்னா ஒட்டுக்கேக்குறாங்கன்னு அர்த்தம்." அன்றிலிருந்து அதுவும் சட்டமாகிவிட்டது.

அமைப்பு என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, ஒடுங்கிய மாடிப்படி ஏறினால் ஒரு கூடம், ஒரு சின்ன அறை, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டிய ஓர் அடுக்களை. அவ்வளவுதான். ஆனாலும் பெயர்ப்பலகையில் சர்வதேசம் என்ற சொல் இருந்தது. அது பொய்யும் இல்லை. ஒரு நாட்டுக் கலைஞர் இன்னொரு நாட்டுக்குப் போய்ச் சில வாரம் தங்கி வேலை செய்வார். ஓட்டலில் இல்லை, ஒரு குடும்பத்தோடு. அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும் அமளியில் அவரும் குளியலறைக்கு வரிசையில் நிற்பார். அதுதான் பெரியக்காவின் கொள்கை. "ஓட்டல்ல தங்கினா ஊரைப் பார்ப்பாங்க. வீட்டுல தங்கினாத்தான் மனுஷங்களைப் பார்ப்பாங்க" என்பார்.

பெரியக்கா முன்பு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. சின்னக்கா அதே பள்ளியில் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவள். இருவரும் ஒன்றாக வேலையை விட்டு, ஒன்றாக இந்த மாடியைப் பிடித்து, ஒன்றாகச் சுண்ணாம்பு அடித்தார்கள். பெரியக்கா இயக்குநர், சின்னக்கா துணை இயக்குநர். உடன்பிறந்தவர்கள் என்றே பலர் நினைத்திருந்தார்கள். பெரியக்கா அதைத் திருத்தியதே இல்லை.

ஆண்டுக் கூட்டத்தன்று காலையில் பெரியக்கா கணவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை ஆகிச் சில மாதம் ஆகியிருந்தது. உடம்பு தேறிவிட்டது, வாய் எப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

"இன்னிக்கு என்ன, உன்னை மறுபடியும் அரியணையில உக்கார வைக்கிறாங்களா?"

"அரியணையாம். கால் ஆடுற நாற்காலி. அடியில அட்டையை மடிச்சு வச்சிருக்கோம்."

"ஆடுற நாற்காலியா இருந்தாலும் உக்காந்தவங்க எழுந்திருக்க மாட்டாங்களே. எங்க ஆபீசுல எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்."

"இந்தத் தடவை மட்டும்தான். அப்புறம் சின்னவ பார்த்துக்கட்டும்."

"போன தடவையும் இதையேதான் சொன்ன" என்று அவர் மாத்திரையை விழுங்கினார். பெரியக்கா தண்ணீர்க் குவளையை வாங்கிக்கொண்டார். சாமி படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றார். எனக்கு ஒன்றும் வேண்டாம், கூட்டம் முடிந்து எல்லாரும் மனஸ்தாபம் இல்லாமல் பிரிய வேண்டும் என்பதுதான் அவர் வழக்கமாகக் கேட்கும் வரம். அன்றும் அதையே கேட்டார்.

அந்த வருடம் அப்படிக் கேட்கக் காரணம் இருந்தது. கடல் தாண்டிய ஒரு பெரிய அறக்கட்டளை இந்தச் சின்ன அமைப்பைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள ஆசைப்பட்டது. புதுக் கட்டடம், கண்ணாடிக் கதவு, வருகிற கலைஞர்களுக்கு ஓட்டல் அறை. பெரியக்கா முடியாது என்றார். "நல்ல மனசோடதான் கூப்பிடுறாங்க. ஆனா நாம போயிட்டா நாம இருக்க மாட்டோம்" என்றார். முந்தைய கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். சின்னக்காதான் முதலில் ஆட்டினாள்.

கூடத்தில் பழைய கதவு ஒன்றைப் படுக்கவைத்துச் செய்த நீள மேசை. அதைச் சுற்றி நிர்வாகக் குழு. தலைமாட்டில் வக்கீல், கூட்டத்தை நடத்துபவர் அவர்தான். எதைச் சொன்னாலும் அதில் ஒரு ஜோக்கைச் செருகாமல் விடமாட்டார். அவருக்குப் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வந்திருந்த நடன டீச்சர்; விமானம் ஏறினால் வயிறு கலங்கும் என்று புலம்பிக்கொண்டே வருடம் தவறாமல் வருபவர். எதிரே களிமண்ணார்.

களிமண்ணார் வேற்று மொழிக்காரர். களிமண்ணில் சிலை செய்பவர் என்பதால் குழந்தைகள் வைத்த பெயர் அது. வெகு காலத்துக்கு முன்னால் விருந்தாளியாக வந்து பெரியக்கா வீட்டில் தங்கியபோது கடுமையான காய்ச்சலில் விழுந்தார். பெரியக்காதான் கஞ்சி வைத்துக் கொடுத்து, நெற்றியில் துணி போட்டு எழுப்பி உட்கார வைத்தார். அந்தச் சமயத்தில் காதில் விழுந்த தமிழ்தான் இன்றைக்கும் அவருக்குத் தெரிந்த தமிழ். "சூடு", "ஊது", "தூங்கு", "போதுமா", "இன்னும் கொஞ்சம்". மரியாதைப் பன்மையெல்லாம் அந்தப் பாடத்தில் இல்லை. போன வருடம் வக்கீலைப் பார்த்து "வா, உக்காரு, சாப்பிடு" என்றார். வக்கீல், "எங்க அம்மாவுக்கு அப்புறம் என்னை இப்படிக் கூப்பிட்டவர் நீங்கதான் சார்" என்று உருகிப்போனார். மற்றதெல்லாம் சின்னக்கா அவருக்கு அவர் மொழியில் எடுத்துச் சொல்வாள். அவளுக்குத்தான் நாலு மொழி வரும்.

மதியம் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. வந்த கலைஞர்கள், வரப்போகிற கலைஞர்கள், கூரையில் ஒழுகும் இடம். சாப்பாட்டுக்குப் பிறகு வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்து, இயக்குநர் பதவி. அதாவது பெரியக்கா சமாச்சாரம்."

"கிளம்புறேன், கிளம்புறேன்" என்று பெரியக்கா எழுந்தார்.

"சும்மா ஒரு சம்பிரதாயம்தான் அக்கா" என்றாள் சின்னக்கா. அவள் முன்னால் இருந்த காகிதங்களை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். "அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுறோம்."

"எனக்குச் சர்க்கரை தூக்கலா" என்றார் வக்கீல். "டாக்டருக்குத் தெரியாம."

"டாக்டருக்குத் தெரியாது. உங்க சம்சாரத்துக்கு நானே போன் பண்ணிடுறேன்" என்று சிரித்துக்கொண்டே பெரியக்கா அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுப்பைப் பற்ற வைத்துத் தண்ணீரை ஏற்றியவுடன் அவர் செய்த முதல் வேலை, இரண்டு கிண்ணங்களை எடுத்து ஒன்றோடொன்று உரசியதுதான். விதி என்றால் விதி. பிறகு கழுவியிருந்த கோப்பைகளை மறுபடி கழுவினார். இஞ்சியைக் கரண்டிக் காம்பால் நங்கு நங்கென்று தட்டினார். நடன டீச்சருக்குப் பால் இல்லாமல் எலுமிச்சை. களிமண்ணாருக்குப் பால் நிறைய, சூடு குறைவாக. வக்கீலுக்குச் சர்க்கரை, கேட்டதில் பாதி. சின்னக்காவுக்குச் சர்க்கரையே கூடாது. அதனால் அவளுக்கு மட்டும் இஞ்சி கொஞ்சம் கூடுதலாக, நாக்கு ஏமாறாமல் இருக்க.

அஞ்சு நிமிடம் தாண்டிவிட்டது. தண்ணீர் கொதித்துத் தணிந்து மறுபடி கொதித்தது. கை வலித்ததால் பெரியக்கா கரண்டியைக் கீழே வைத்துத் தோளைத் தேய்த்துக்கொண்டார். ஒரு கணம் அமைதி. அந்த அமைதியில் சின்னக்காவின் குரல் கதவுக்கு அப்பாலிருந்து தெளிவாக வந்தது. "அவங்களாச் சொல்ல மாட்டாங்க. நாமதான்..." அவ்வளவுதான். வாக்கியம் அங்கேயே அறுந்தது. கூடம் முழுக்கச் சத்தம் அடங்கியது.

ஐயோ, ஒட்டுக்கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார்களே என்று பெரியக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. சட்டென்று மூடியை எடுத்துப் பாத்திரத்தில் டணார் என்று போட்டார். குழாயைத் திறந்துவிட்டார். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரித்தார். கூடத்தில் பேச்சு மறுபடி தொடங்கியது. அவர் இன்னும் பலமாக உருட்டினார். 'அவங்களாச் சொல்ல மாட்டாங்க' என்றால் தன்னைப் பற்றி ஏதோ பெருமையாகச் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. அதைத் தற்செயலாகக் கேட்டதுகூடத் தப்பு என்று நினைத்துக்கொண்டார். நல்ல மனசுக்கு நல்ல அர்த்தம்தான் முதலில் தோன்றும். அது கடவுள் கொடுத்த வரமா, கண்ணைக் கட்டிய துணியா என்று சில நாட்களில் சொல்ல முடிவதில்லை.

கதவு திறந்தது. டீத் தட்டோடு அவர் கூடத்துக்குள் வந்தபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள். கை தட்டினார்கள். நடன டீச்சரின் கையில் ஒரு பூச்செண்டு. அவர் கண்ணெல்லாம் ஈரம். வக்கீல்கூட ஜோக் எதுவும் சொல்லாமல் கை தட்டினார்.

பெரியக்காவுக்கு நெஞ்சு நிறைந்தது. தட்டை மேசையில் வைத்துவிட்டு, "எதுக்கு இதெல்லாம்? பூவெல்லாம் எதுக்கு?" என்றார். "ரொம்ப நன்றி. உங்க எல்லாருக்கும். நீங்க வச்ச நம்பிக்கைக்கு நான் குறை வைக்க மாட்டேன்."

கை தட்டல் கொஞ்சம் தடுமாறியது. வக்கீல் நடன டீச்சரைப் பார்த்தார். களிமண்ணார் மட்டும் எதையும் கவனிக்காமல் மேசையைச் சுற்றி வந்து, பெரியக்காவின் இரண்டு கையையும் தன் பெரிய கைகளுக்குள் வைத்துக்கொண்டார். தனக்குத் தெரிந்த தமிழில் மிக அன்பான சொல்லைத் தேடி எடுத்துச் சொன்னார்:

"அக்கா. இனி தூங்கு. நல்லா தூங்கு."

பெரியக்கா சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது.

"எதுக்குத் தூங்கணும்?"

வக்கீல்தான் தொண்டையைக் கனைத்தார். "அக்கா, நீங்க சங்கடப்பட வேண்டாம். எல்லாத்தையும் முடிச்சாச்சு. இன்னையிலேருந்து பொறுப்பு சின்னக்காவோடது. அறக்கட்டளைக்காரங்ககிட்டயும் சரின்னு சொல்லியாச்சு. நீங்க வாயைத் திறந்து எதையும் கேக்க வேண்டிய அவசியமே இல்லை. உங்க மனசு எங்களுக்குப் புரிஞ்சுது."

"என் மனசு என்ன?"

"ஓய்வு வேணும்னு. வீட்டுக்காரருக்கு நெஞ்சு ஆபரேஷன் ஆனதிலேருந்து நீங்க விட்டுடணும்னு நினைக்கிறீங்க, ஆனா உங்க வாயால சொல்ல முடியாம தவிக்கிறீங்கன்னு சின்னக்கா..." வக்கீலின் குரல் தானாகவே வேகம் குறைந்தது. "எல்லாருக்கும் போன் பண்ணிச் சொன்னாங்களே."

பெரியக்கா சின்னக்காவைப் பார்த்தார். அவள் இன்னும் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது பெரியக்காவின் கண்முன் ஆஸ்பத்திரித் தாழ்வாரம் வந்து நின்றது. அந்த மதியம், கணவர் அறுவை அறையில் இருந்தபோது, சின்னக்காதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்க்கில் சூப் கொண்டுவந்து வற்புறுத்திக் குடிக்க வைத்தாள். பெரியக்கா அவள் தோளில் சாய்ந்து, "எல்லாத்தையும் விட்டுட்டுப் பேசாம வீட்டுல கிடக்கலாம் போல இருக்குடி" என்றார். களைத்தவர் விடும் பெருமூச்சு. விட்டதும் காற்றோடு போய்விட வேண்டிய பேச்சு. அதைத்தான் அவள் பத்திரமாக எடுத்துவைத்து, கழுவித் துடைத்து, ஊர் ஊராகப் போன் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"நான் கேக்கலையே" என்றார் பெரியக்கா. குரலில் கோபம்கூட இல்லை. காணாமல்போன பொருளைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். "வக்கீல் சார், நான் யாருகிட்டயும் இதைக் கேக்கலை."

நடன டீச்சர் பூச்செண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைப்பைக்குள் எதையோ தேடினார்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர், "அப்படின்னா இது செல்லாது" என்று சொல்லியிருக்கலாம். பெரியக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர்கள் எல்லாருக்கும் அவர் டீ போட்டிருக்கிறார். நடன டீச்சரின் மகளுக்குக் கல்லூரியில் இடம் தேடி அலைந்திருக்கிறார். வக்கீலின் தாயார் இறந்தபோது நாள் முழுக்க அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்திருக்கிறார். அதையெல்லாம் அவர் நினைவில் வைத்திருந்ததில்லை. அந்த நிமிடம் நினைவுக்கு வந்தபோது வெட்கமாக இருந்தது. கொடுத்ததை எண்ணத் தொடங்கினால் அப்புறம் அது கொடுத்ததாகுமா?

வக்கீல் மெல்லச் சொன்னார்: "இப்ப என்னக்கா பண்றது? கையெழுத்தெல்லாம் ஆயிடுச்சு. அவங்களுக்கும் சொல்லியாச்சு. திரும்பப் போய் இல்லைன்னு சொன்னா... ஒரு வகையில பார்த்தா நல்லதுக்குத்தான்னு..."

"ஆமாக்கா, உங்க உடம்பையும் பார்க்கணும்ல" என்றார் நடன டீச்சர், கைப்பைக்குள்ளேயே.

ஒருத்தி ஏமாற்றினாள், மற்றவர்கள் ஏமாந்தார்கள். அதுவரைக்கும் பெரியக்கா தாங்கியிருப்பார். ஏமாந்தது தெரிந்த பிறகும் அந்தப் பொய்யே சௌகரியமாக இருக்கிறது என்று அவர்கள் அதிலேயே உட்கார்ந்துகொண்டார்களே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

களிமண்ணாருக்குப் பேச்சு புரியவில்லை. எடுத்துச் சொல்ல வேண்டியவள் தலை நிமிரவில்லை. ஆனால் முகங்களைச் செய்தே வாழ்ந்த மனிதருக்கு முகம் படிக்கத் தெரியாதா? பெரியக்காவைப் பார்த்தார். சின்னக்காவைப் பார்த்தார். அவள் பெயரைச் சொல்லி அவர் மொழியில் ஏதோ கேட்டார். மறுபடி கேட்டார். அவள் கண்ணில் நீர் திரண்டதே தவிர வாய் திறக்கவில்லை.

களிமண்ணார் எழுந்தார். அடுக்களைக்குள் போனார். கதவைச் சாத்தினார். பாத்திரச் சத்தம் கேட்டது.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு வக்கீலுக்கு விளங்கியது. யாரைப் பற்றிப் பேச வேண்டுமோ அவர்தானே அடுக்களைக்குப் போக வேண்டும்? தானும் கையெழுத்துப் போட்டவன்தான், தன்னைப் பற்றியும் பேசிக்கொள்ளுங்கள் என்று அந்த மனிதர் எழுந்து போயிருக்கிறார். வக்கீல் முகம் கறுத்தது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து அவரும் அடுக்களைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் நடன டீச்சரும், பூச்செண்டை மேசையில் வைத்துவிட்டு, அந்தத் துளியூண்டு இடத்துக்குள் எப்படியோ நுழைந்துகொண்டார். உள்ளே ஏதோ விழுந்து உருண்டது. "காலை மிதிக்காதீங்க டீச்சர்" என்று வக்கீலின் குரல் கேட்டது. அதன் பிறகு வெறும் பாத்திரச் சத்தம்தான். கிண்ணம், மூடி, தட்டு, கரண்டி.

கூடத்தில் பெரியக்காவும் சின்னக்காவும் மட்டும்.

"திட்டுங்க" என்றாள் சின்னக்கா.

பெரியக்கா எதிரே உட்கார்ந்தார். "எனக்குத் திட்டத் தெரியலடி. தெரிஞ்சா திட்டியிருப்பேன்."

"நீங்க சொன்னதைத்தான் நான் சொன்னேன். விட்டுட்டுப் போயிடணும்னு நீங்கதானே..."

"நான் அதை உன் தோள்ல சாஞ்சு சொன்னேன்."

சின்னக்காவால் அதற்குமேல் அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "எனக்கு முடியலைக்கா. வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டினது யாரு? நான். இந்த மாசம் முடியாது, எங்க வீட்டுல இடமில்லைன்னு மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்தினப்ப அங்க நின்னது யாரு? நான். மனுஷங்களைப் பார்க்கணும்னு நீங்க பேசுவீங்க, எல்லாரும் கை தட்டுவாங்க. அந்த மனுஷங்ககிட்ட கெஞ்சினது நான்தான்."

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். எத்தனையோ தடவை சொன்னேன். நீங்க சிரிச்சிட்டு, 'வா, டீ குடி, எல்லாம் சரியாயிடும்'னு சொன்னீங்க."

அது உண்மை. பெரியக்காவுக்கு அந்தக் கோப்பைகள்கூட நினைவு இருந்தது. அன்பு என்று நினைத்துத்தான் கொடுத்தார். ஒருத்தியின் வாயை அடைக்கவும் அன்பு உதவும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

"நேராக் கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?" என்றாள் சின்னக்கா. "சாமி சத்தியமா சொல்லுங்க."

காலையில் கணவர் சொன்னது காதில் ஒலித்தது. 'போன தடவையும் இதையேதான் சொன்ன.' பொய் சொல்வது பெரியக்காவுக்குப் பழக்கமில்லை.

"தெரியலடி. குடுத்திருக்க மாட்டேனோ என்னவோ."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? சண்டை போட்டிருக்கலாம். எல்லாருக்கும் முன்னால என் மூஞ்சியைப் பார்த்து, நீ எழுந்திரு, நான் உக்காரணும்னு கேட்டிருக்கலாம். ஒருவேளை நீ ஜெயிச்சிருப்ப. நானும் தோத்துட்டு, ரெண்டு நாள் அழுதுட்டு, மூணாம் நாள் உனக்குக் கூடமாட வேலை செய்ய வந்திருப்பேன். நீ என்னைத் தோக்கவே விடலையேடி." பெரியக்காவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "நான் உள்ள சத்தம் போட்டுட்டே இருந்தேன். கை வலிச்சுது. ஒரு நிமிஷம் நிறுத்தினா நீங்க தப்பா நினைப்பீங்கன்னு, குழாயையும் சேர்த்துத் திறந்துவிட்டேன். உன் விதிடி அது."

சின்னக்கா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "அவங்களைக் கூப்பிட்டுச் சொல்லிடுறேன். மாத்திடலாம். இப்பவே மாத்திடலாம்."

"என்னன்னு மாத்துவ? நாளைக்கு நீ எனக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுத்தாலும் நான் அதைப் பார்த்துட்டுத்தான் குடிப்பேன். அப்படி என்னால இருக்க முடியாது." பெரியக்கா பையிலிருந்து மாடிச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "நாற்காலியை வச்சுக்கோ. அட்டை நைஞ்சுபோச்சு, வேற மடிச்சு வை. ஒண்ணு மட்டும் கேக்குறேன். வர்றவங்களை ஓட்டல்லயே தங்க வைங்க. ஆனா யாருக்காவது உடம்புக்கு முடியலைன்னா, ஒரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு. யார் கதவை வேணா தட்டு. என் வீட்டுக் கதவைத் தட்டினாலும் சரி."

சின்னக்கா தலையாட்டினாள்.

பெரியக்கா எழுந்தார். மேசையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. சர்க்கரை போடாத கோப்பையைத் தேடி எடுத்துச் சின்னக்கா பக்கம் நகர்த்தி, மேலே ஒரு சாசரைக் கவிழ்த்தார், சூடு போகாமல் இருக்க. மனசு இன்னும் மன்னிக்கவில்லை. கை முந்திக்கொண்டது, அவ்வளவுதான். சாசரில் கிடந்த கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

கீழே மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். மாடி அடுக்களை ஜன்னலிலிருந்து தெரு முழுக்கக் கேட்கும்படி பாத்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன.

"என்னம்மா, மேல பாத்திரக் கடை ஏதாவது ஆரம்பிச்சிட்டீங்களா?"

பெரியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியதும் அது அழுகையாகிவிட்டது. தாம் வெளியே வந்துவிட்டது அவர்களுக்குத் தெரியாது. கூடத்தில் இன்னும் பேச்சு நடக்கிறது, அதைக் கேட்கக் கூடாது என்று உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவருக்காக அவர்கள் அன்றைக்குச் செய்த ஒரே நேர்மையான காரியம் அதுதான். அதுவும் பேச்சு முடிந்துபோன கூடத்துக்காக. கடைக்காரர் பதறிப்போய் ஒன்றும் கேட்காமல் உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். கண்ணாடி துடைக்கும் புதுத் துணி ஒன்றையும் நீட்டிவிட்டு, திரும்பி நின்று அலமாரியை ஒழுங்குபடுத்துவது போல் பாவனை செய்தார்.

மாடிப்படியில் கனமான காலடி கேட்டது. களிமண்ணார் இறங்கி வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்க வேண்டும். சட்டை முன்பக்கமெல்லாம் நனைந்திருந்தது. கையில் ஒரு கோப்பை, ததும்பிவிடாமல் அடிமேல் அடி வைத்து வந்தார். பெரியக்காவின் முன்னால் கடைசிப் படியில் உட்கார்ந்து கோப்பையை நீட்டினார்.

"சூடு" என்றார். "ஊது."

ஒரு காலத்தில் அவர் வாய்க்கருகே கஞ்சியைப் பிடித்துக்கொண்டு பெரியக்கா சொன்ன அதே இரண்டு சொல்.

பெரியக்கா ஊதினார். ஒரு வாய் குடித்துப் பார்த்தார். பால் பொங்கித் தீய்ந்த வாசனை. மேலே கசப்பு. போட்ட சர்க்கரையெல்லாம் கலக்காமல் அடியில் கிடந்தது. அந்த மாடியில் அவருக்கென்று மட்டும் தனியாக இன்னொருவர் டீ போட்டது அதுதான் முதல் தடவை.

கையில் இருந்த கரண்டி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதைக் கோப்பைக்குள் விட்டு மெல்லக் கலக்கினார். மேலே சத்தம் இன்னும் ஓயவில்லை.

"போதுமா?" என்றார் களிமண்ணார்.

பெரியக்கா மறுபடி குடித்துப் பார்த்துவிட்டு, போதும் என்று தலையை ஆட்டினார்.